நாய் கடித்ததைப் பிள்ளை மறைக்கக் கூடாது



நம்ம லயங்களில் நாய் இல்லாத லயம் இல்லை. மரக்கறித் தோட்டத்துக்கும் வாசலுக்கும் காவல் அது. பிள்ளைகளுக்கு விளையாட்டுத் துணையும் அதுதான். நாயை விரட்டுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நாயோடு பழகும் விதத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்றே கேட்கிறோம். சின்னப் பிள்ளையின் முகம் நாயின் வாய்க்குக் கிட்ட இருக்கிறது. அதனால் முகத்திலும் தலையிலும் கடிபடுவது பிள்ளைகளுக்கே அதிகம்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை:

1. தின்கிற நாய், தூங்குகிற நாய், குட்டி போட்ட நாய், கட்டிப் போட்ட நாய் இந்த நாலுக்கும் கிட்டப் போகாதே.

2. வாலை இழுக்காதே. கல்லால் எறியாதே.

3. நாய் துரத்தினால் ஓடாதே. ஓடினால் இன்னும் துரத்தும். கையை உடம்போடு சேர்த்து, சவுக்கு மரம் போல அசையாமல் நில். நாயின் கண்ணை உற்றுப் பார்க்காதே.

4. கீழே விழுந்தால் சுருண்டு படுத்து, காதையும் கழுத்தையும் கையால் மூடிக்கொள்.

கைக்குழந்தையை நாயோடு தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். அது வீட்டு நாயானாலும் சரிதான்.

கடித்துவிட்டால் என்ன செய்வது?

உடனே சவர்க்காரம் போட்டு, பீலித் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தை நன்றாகக் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் பூச வேண்டாம். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஒரு நாள் பேர் போகுமே என்று பார்க்காதீர்கள். அங்கே விசர்நாய்க்கடிக்கு ஊசி இலவசம். முந்தின காலம் போல வயிற்றில் குத்துவதில்லை. டாக்டர் சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். விசர் நோய் கண்டுவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. முன்கூட்டியே ஊசி போட்டால் காப்பாற்றலாம்.

"குட்டிதானே, சும்மா பிறாண்டினது" என்று விடவும் கூடாது. குட்டிக்கும் விசர் வரும். பிறாண்டின இடத்திலும், புண்ணில் நாய் நக்கினாலும் அந்தக் கிருமி ஏறலாம்.

பெற்றோரே, இதை மட்டும் மறக்க வேண்டாம். நாயோடு விளையாடினதற்கு அடி விழும் என்று பயந்து, சின்னக் காயத்தைப் பிள்ளைகள் மறைத்துவிடுவார்கள். காயம் ஆறிப் போகும், கிருமி உள்ளே இருக்கும். நோய் தெரிய வருவது பெரும்பாலும் கிழமைகள், மாதங்கள் கழித்துத்தான். அப்போது கைவசம் மருந்து இல்லை. ஆகவே "நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் ஓடி வந்து சொல்லு, உன்னை ஏச மாட்டோம், அடிக்க மாட்டோம்" என்று இன்றைக்கே பிள்ளையிடம் சொல்லுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். வீட்டில் இருக்கும் பாட்டி, தாத்தாவுக்கும், பிள்ளை மடுவத்து ஆயாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

உங்கள் நாய்க்கு வருஷா வருஷம் தடுப்பூசி போட்டு, அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்:

நாய் துரத்தினால் என்ன செய்வாய்?
கடித்தால் முதலில் காயத்தை எதனால் கழுவ வேண்டும்?
யாரிடம் சொல்வாய்?

மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் வந்தால், பாடம் படித்தாயிற்று.