கிடப்பில் கிடக்கும் துவிச்சக்கரவண்டி



1990களில் எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் நோயாளரையும் விறகையும் சுமந்தது துவிச்சக்கரவண்டியே. அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். பழுதான வண்டியை நாம் எறிந்ததில்லை. நீங்களும் எறியுமுன் சீர்செய்து பாருங்கள்.

முதலில் சட்டத்தை நோக்குங்கள். அதில் வெடிப்பிருப்பின் அவ்வண்டி ஓட்டத் தகாதது. ரியூப்பிற்குக் காற்றடித்து நீரில் அமிழ்த்துங்கள். குமிழி எழும் இடமே துளை. அவ்விடத்தை உலர்த்தி, அரத்தாளால் தேய்த்து, பசை பூசி, அது சற்றுக் காய்ந்தபின்னரே ஒட்டுத்துண்டை அழுத்த வேண்டும். அவசரப்பட்டு ஒட்டிய ஒட்டு நில்லாது. ரயரின் உட்புறத்தில் முள் உளதா எனவும் பாருங்கள். இல்லையேல் மறுநாளே மீண்டும் காற்றுப்போகும்.

சங்கிலியின் துருவை மண்ணெண்ணெய் தோய்த்த தூரிகையால் நீக்கி, துடைத்து, அளவாக எண்ணெய் இடுங்கள். சில்லின் விளிம்பிலோ பிறேக் கட்டையிலோ எண்ணெய் படலாகாது. பட்டால் பிறேக் பிடிக்காது. தேய்ந்த கட்டைகளை மாற்றி, சில்லுகளின் நட்டுகளை இறுக்கி, வண்டியை உருட்டிப் பிறேக்கைப் பிடியுங்கள். நின்றால் மட்டுமே ஏறுங்கள்.

பெற்றோரே, இவ்வேலையைப் பிள்ளையுடன் தமிழிற் பேசியபடி செய்யுங்கள். கரும்பலகையில் நாம் எழுதிக்காட்டும் சொல்லிலும், கையில் எண்ணெய் படக் கற்ற சொல் நெடுநாள் நிற்கும்.