சிவப்புக் கட்டடத்தின் சிற்பி

பெங்களூரு உயர்நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடத்தை வடிவமைத்தவர் யார்? வெளியூர்க்காரரான நான் எங்கிருந்து பார்க்கலாம்?

அயர்லாந்தில் பிறந்த பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி. மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்தவர். அட்டாரா கச்சேரி எனப்படும் இக்கட்டடம் 1868இல் முடிந்தது. கட்டி முடித்த ஒப்பந்ததாரர் நம்மவர்: ஆற்காடு நாராயணசாமி முதலியார். சம்பாதித்ததை ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்த மனிதர். சாங்கியோடு அவரையும் சேர்த்தே நினைக்கவேண்டும் என்பேன்.

விதான சௌதா மெட்ரோ நிலையத்தில் இறங்குங்கள். உள்ளே அனுமதி கேட்டு அலையவேண்டாம். கப்பன் பூங்காப் பக்கம் நின்று நடுவிலும் இரு முனைகளிலும் உள்ள முகப்புத் தூண்களைப் பாருங்கள். உச்சியில் சுருள் வைத்த கிரேக்கத் தூண்கள் அவை. 1980களில் இந்தக் கட்டடத்தை இடிக்கத் திட்டமிட்டார்கள், ஊர்மக்கள் போராடிக் காத்தார்கள். கப்பன் பூங்காவும் சாங்கி அமைத்ததுதான். மாலையில் மல்லேஸ்வரம் அருகிலுள்ள சாங்கி ஏரிக்குப் போய்வாருங்கள்.