ஸ்காலர்ஷிப் வந்துச்சா? எந்த அக்கவுண்ட்டுக்கு?

"எல்லாருக்கும் வந்துடுச்சு, எனக்கு மட்டும் வரலடா!" போன வருஷம் ஹாஸ்டலில் நான் புலம்பியது இது. உண்மையில் பணம் வந்திருந்தது, நான் பார்க்காத அக்கவுண்ட்டில்.

குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் எஸ்சி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மத்திய அரசு 60 சதவீதம், தமிழ்நாடு அரசு 40 சதவீதம் தருகின்றன. மத்திய அரசின் பங்கு கல்லூரிக்குப் போகாது. நேரா நம்ம கணக்குக்கு வரும். சிக்கலே இங்கேதான். அந்தப் பணம் நாம் ஜெராக்ஸ் கொடுத்த பாஸ்புக்கைப் பார்த்து வராது, ஆதாரைப் பார்த்து வரும். கடைசியாக எந்த வங்கியில் ஆதார் சீடிங் ஆச்சோ, அங்கேதான் விழும். எனக்கு அது ஸ்கூல் படிக்கும்போது அப்பா ஊரில் தொடங்கிக் கொடுத்த கணக்கு. அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஃபீஸ் கட்டும் கடைசித் தேதி போய், அம்மா வட்டிக்கு வாங்கிக் கட்டினாங்க.

வங்கியில் கேட்டால் "ஆதார் லிங்க் ஆகியிருக்கு" என்பார்கள். நம்பிடாதீங்க. கேஒய்சிக்காக ஆதார் கொடுத்தது வேறு, சீடிங் வேறு. மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு நுழைந்து 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்க. எந்த வங்கி, ஆக்டிவா இல்லையா என்று காட்டும். வேறு வங்கி வந்தால், நமக்கு வேண்டிய கிளையில் சீடிங் படிவம் கொடுத்து மாற்றலாம். சும்மா கிடக்கும் கணக்கு என்றால் முதலில் அதை உயிர்ப்பிக்கணும். ரினியூவலுக்கு முன்னாடியே இதை முடிச்சிடுங்க.