வீட்டுக் கணினிக்கு எந்தக் காவல்?

உதவித்தொகைப் பட்டியல், மதிப்பெண் பதிவு போன்ற பணிகளை இரவில் வீட்டுக் கணினியில் முடிக்கும் ஆசிரியர்கள் நம்மில் பலர். அதில் நம் குடும்பப் படங்களோடு, மாணவர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கின்றன. பெற்றோர் நம்மை நம்பிக் கொடுத்த விவரங்கள் அவை. எனவே ஆன்ட்டிவைரஸ் எனப்படும் நச்சுநிரல் தடுப்பு மென்பொருளை நாமே ஆராய்ந்து தேர்வு செய்வது நல்லது.

கோவை மாவட்டக் கிராமப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். "சார், எந்த ஆன்ட்டிவைரஸ் வாங்கலாங்க?" என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. "உங்க கம்ப்யூட்டர்ல எந்த விண்டோஸ் இருக்குதுங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

முதலில் இருப்பதைப் பாருங்கள்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்னும் தடுப்பு உள்ளேயே இருக்கிறது. தனிக் கட்டணம் இல்லை. சாதாரண வீட்டுப் பயன்பாட்டுக்கு அதுவே பெரும்பாலும் போதும். ஆனால், விண்டோஸைப் புதுப்பித்து வர வேண்டும். 2017 மே 12இல் பரவத் தொடங்கிய வான்னாக்ரை சுமார் 150 நாடுகளின் கணினிகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள்.

வாங்குவதானால்

ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம் இம்மென்பொருள்களைச் சோதித்துப் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை ஆகியவற்றுக்குத் தலா 6 என 18 மதிப்பெண் வழங்குகிறது. நல்ல கோப்பை நச்சு என்று தவறாகப் பிடித்தால் மூன்றாவதில் மதிப்பெண் குறையும். பழைய கணினி வைத்திருப்போர் வேகத்துக்கான மதிப்பெண்ணை அவசியம் பாருங்கள். சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்ற நம் நாட்டுத் தயாரிப்புகளையும் இதே அளவுகோலால் ஒப்பிடலாம். முதலாண்டுச் சலுகை விலையோடு புதுப்பிப்புக் கட்டணத்தையும் கேளுங்கள்.

ஒரு கணினிக்கு ஒரு காவல் போதும். இரண்டை நிறுவினால் ஒன்றையொன்று சந்தேகித்துக் கணினியை மந்தமாக்கும். 'கிராக்' செய்த பதிப்பு, திருடனிடமே சாவியைக் கொடுப்பது போன்றது.

பென் டிரைவ் பழக்கம்

பள்ளி, ஜெராக்ஸ் கடை, வீடு என்று சுற்றும் பென் டிரைவ்தான் நமக்கு முக்கிய வாசல். செருகியதும் ஸ்கேன் செய்யுங்கள். ஃபோல்டர்கள் திடீரென ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அவற்றைச் சொடுக்காதீர்கள். உடனே ஃபார்மட்டும் செய்யாதீர்கள். பெரும்பாலும் கோப்புகள் அழியாமல், மறைக்கப்பட்டிருக்கும். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் நச்சுநிரல் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

நாமே ஓடிபியைச் சொல்லிவிட்டால் எந்த மென்பொருளும் காக்காது. பணம் பறிபோனால் உடனே 1930ஐ அழையுங்கள். முக்கியக் கோப்புகளின் நகலைக் கணினியோடு இணைக்காத தனி வட்டில் வையுங்கள்.

வகுப்பறைச் செயல்பாடு

ஹைடெக் ஆய்வகத்தில் மூன்று மென்பொருள்களின் கடந்த சில சோதனை மதிப்பெண்களை மாணவர்கள் திரட்டட்டும். சராசரியையும் வீச்சையும் கண்டு, "ஒருமுறை முதலிடம் பெற்றதா, தொடர்ந்து நன்றாகச் செய்ததா, எதைத் தேர்வு செய்வீர்கள்?" என்று விவாதிக்கட்டும். புள்ளியியல் பாடத்தோடு, தரவைப் பார்த்து வாங்கும் பழக்கமும் அவர்களுக்கு வரும்.