கண்ணைச் சுற்றி நீல நிறமா?

"டாக்டர், பொண்ணு முகத்தைப் பாருங்க. 'யாரு அடிச்சா?'ன்னு ஸ்கூல்ல கேக்கறாங்களாம். அழுதுகிட்டே வர்றா. எலுமிச்சை, கடலைமாவு, கஸ்தூரி மஞ்சள் எல்லாம் பூசியாச்சு. போக மாட்டேங்குது!"

14 வயது மகளை அழைத்து வந்த தாயின் கவலை இது. பெண்ணின் வலது கண் இமை, நெற்றிப்பொட்டு, கன்னம் மூன்றிலும் சாம்பல் கலந்த நீலம். வெள்ளை விழியிலும் அதே நிறத்தில் திட்டு.

இதற்கு 'ஓட்டா மச்சம்' என்று பெயர். மசாவோ ஓட்டா என்ற ஜப்பானியத் தோல் மருத்துவர் 1939-ல் இதை விவரித்தார்.

ஏன் வருகிறது?

கரு வளரும்போது, நிறம் தரும் செல்கள் மேல்தோலை நோக்கி நகர்கின்றன. சில, பாதி வழியில் உள்தோலிலேயே தங்கிவிடும். ஆழத்தில் இருக்கும் கருமை, வெளியே நீலமாகத் தெரிகிறது. பிறக்கும்போதோ பருவ வயதிலோ தலைகாட்டும். பெண்களுக்கே அதிகம். ஒட்டுவாரொட்டி அல்ல, கிரகண தோஷமும் அல்ல.

பூசினால் போகுமா?

போகாது. மேலே போடும் பற்று அந்த ஆழத்துக்கு இறங்காது. சித்த மருத்துவன் நானே சொல்கிறேன், எங்கள் மருந்திலும் இது கரையாது. கண்ணருகே எலுமிச்சைச் சாறு, எருக்கம்பால் வைத்தால் கருவிழிதான் புண்ணாகும்.

கண்ணுக்கு என்ன ஆபத்து?

கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் பாதையில் இந்தச் செல்கள் இருந்தால், கண் அழுத்தம் கூடலாம். சுமார் 10 பேரில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. வலியே இல்லாமல் பார்வை நரம்பு கெட்டுவிடும். மிக அரிதாக, கண்ணுக்குள் புற்றுக்கட்டியும் வரலாம்.

எனவே வருடம் ஒருமுறை கண் அழுத்தம் பார்ப்பதும், சொட்டு மருந்து விட்டு விழித்திரையைச் சோதிப்பதும் அவசியம். தோல் நிறத்தை லேசர் சிகிச்சையால் பல தவணைகளில் மங்கச் செய்யலாம். ஆனால் அது கண்ணுக்குள் இருப்பதை மாற்றாது. முகம் தெளிந்த பிறகும் கண் பரிசோதனையை நிறுத்தக் கூடாது.

"அப்போ மருந்து ஒண்ணும் தர மாட்டீங்களா?" என்றார் அந்த அம்மா.

"கண் டாக்டருக்கு ஒரு லெட்டர் தர்றேம்மா. இன்னிக்கு அதுதான் மருந்து" என்றேன்.

சோதித்ததில் வலது கண்ணில் அழுத்தம் கூடியிருந்தது. நல்லவேளை, நரம்பு கெடவில்லை. இப்போது தினமும் சொட்டு மருந்து விடுகிறார்கள். அடுத்து லேசர் பற்றி யோசிக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது இப்படி நீலத் திட்டு உண்டா? "மச்சம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். முதலில் கண்ணைக் காட்டுங்கள்.