ஆழம் காணும் கலங்கள்

நுழையும்முன்

கடலின் மேற்பரப்பைக் கலம் செலுத்திக் கடந்த மனிதன், அதன் அடித்தரையை அறிய நெடுங்காலம் காத்திருந்தான். கண்ணுக்கு எட்டாத அந்நிலத்தை அளந்தறியும் ஆய்வுக் கப்பல்களின் பயன்களை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கயிறு முதல் ஒலி வரை

1872ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட சேலஞ்சர் என்னும் கப்பல், 1876 வரை பெருங்கடல்களை ஆராய்ந்தது. எடை கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி, அது தரையைத் தொடும்வரை காத்திருப்பதே அக்கால அளவுமுறை. இம்முறையிலேயே 1875இல் மரியானா அகழிப் பகுதியில் 8,184 மீட்டர் ஆழம் அளக்கப்பட்டது. ஆயினும், அளந்த இரண்டு இடங்களுக்கு நடுவே மலையே இருப்பினும் அதனை அறிய வழியில்லை.

இன்று கயிற்றின் இடத்தை ஒலி பெற்றுள்ளது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். கப்பலிலிருந்து அனுப்பிய ஒலி தரையில் பட்டு நான்கு நொடிகளில் திரும்பினால், ஆழம் 3,000 மீட்டர் ஆகும். ஒலியைப் பல கற்றைகளாக விரித்து அனுப்பும் கருவி, கப்பல் செல்லும் வழியின் இருபுறமும் அகன்ற பரப்பை ஒருங்கே அளக்கிறது.

வளமும் வழியும்

கப்பல்கள் தரைதட்டாமல் செல்லவும், நாடுகளை இணைக்கும் தகவல் வடங்களைப் பதிக்கவும் இவ்வரைபடங்களே துணை. சேலஞ்சர் அள்ளி வந்த மாங்கனீசு முடிச்சுகளைப் போன்ற கனிமங்களை, நடு இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இந்தியா ஆராய்ந்து வருகிறது.

கரைக்குக் காவல்

2004 டிசம்பர் 26 அன்று காலை சுமத்திரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. தமிழகக் கரையை ஆழிப்பேரலை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. காலம் இருந்தது, எச்சரிக்கத்தான் அமைப்பு இல்லை. 2007இல் ஐதராபாத்தில் முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது.

பேரலையின் வேகத்தைக் கடலின் ஆழமே உறுதி செய்கிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் அலை, 40 மீட்டர் ஆழத்தில் 70 கிலோமீட்டராகத் தளர்ந்து, உயரத்தில் வளர்கிறது. எனவே, அலை எந்த ஊரை எப்போது அடையும் எனக் கணிக்க ஆழ வரைபடம் இன்றியமையாதது. நடுக்கடலில் அலையை உணரும் கருவிகளையும் மிதவைகளையும் நிறுவிப் பேணுவதும் ஆய்வுக் கப்பல்களின் பணியே. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் சாகர் நிதி இத்தகைய கப்பலாகும்.

கடலில் அளந்த ஆழம், கரையில் வாழ்வோர் உயிர்தப்புவதற்கான நேரமாகிறது.

கற்பவை கற்றபின்

கப்பல் அனுப்பிய ஒலி ஆறு நொடிகளில் திரும்பினால், அவ்விடத்தின் ஆழம் எவ்வளவு? கணக்கிட்டு வகுப்பில் விளக்குக.