ஜீனோவுக்கு அடுத்து எதைப் படிக்கலாம்?

பெருமாளையும் கோபுரத்தையும் தவிர்த்து எங்கள் ஸ்ரீரங்கம் தீவுக்கு இன்னும் இரண்டு பெருமைகள் உண்டு. திருவானைக்காவலில் 1888-இல் சி.வி. ராமன் பிறந்தார். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், ஸ்ரீரங்கத்தில், பாட்டி வீட்டில் ரங்கராஜன் என்ற பையன் வளர்ந்தான். செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தான். திருலோக சீதாராம் திருச்சியிலிருந்து நடத்திய 'சிவாஜி' இதழில் முதல் கதை எழுதினான். பிற்பாடு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் முக்கியப் பங்கு வகித்தான். அவர்தான் சுஜாதா. தமிழில் விஞ்ஞானக் கதை என்றால் முதலில் வாயில் வருகிற பெயர்.

திருச்சியில் பள்ளி மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வகுப்பில் ஜீனோ என்ற இயந்திர நாயும் நிலா என்ற பெண்ணும் வருகிற சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலைப் பற்றிப் பேசினால் போதும், அடுத்த வாரமே இரண்டு மூன்று பேர் படித்துவிட்டு வந்து நிற்பார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: அடுத்து என்ன? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்குச் சில வழிகள் பிடிபட்டன. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: 'படித்தே ஆக வேண்டிய நூறு நாவல்கள்' வகைப் பட்டியலை மூடி வையுங்கள். போன புத்தகம் உங்களிடம் விட்டுவிட்டுப் போன கேள்வி எதுவோ, அதுதான் அடுத்த புத்தகத்தைக் காட்டும்.

கேள்வியைப் பிடியுங்கள்

ஒரு பெண் அந்த நாவலை முடித்த கையோடு ஆய்வகத்துக்கு வந்தாள்.

"மிஸ், இதே மாதிரி இன்னொண்ணு குடுங்க."

"இதே மாதிரின்னா? இதுல உனக்கு எது மனசுல நிக்குது?"

கொஞ்சம் யோசித்தாள். "ஜீனோதான் மிஸ். அது பொம்மை நாய்தானே? நிலா மேல அதுக்கு நிஜமாவே பாசமா, இல்ல பாசம் மாதிரி நடந்துக்குதா?"

அந்த ஒரு கேள்வி போதும். அவளுக்கு விண்கலமும் வேண்டாம், வேற்றுக்கிரகமும் வேண்டாம். ஐசக் அசிமோவின் 'ஐ, ரோபோ' (1950) கொடுத்தேன். ஒன்பது கதைகள் கொண்ட புத்தகம். முதல் கதையில் ஒரு சிறுமியைப் பார்த்துக்கொள்கிற ராபி என்ற ரோபோவும், அதை நம்ப முடியாத அம்மாவும் வருகிறார்கள். 'லையர்!' என்ற கதையில் மனிதர் மனத்தைப் படிக்கத் தெரிந்த ரோபோ ஒன்று, யார் மனமும் புண்படக் கூடாது என்பதற்காகவே பொய் சொல்லத் தொடங்குகிறது. ஜீனோ எழுப்பிய கேள்வி அங்கே வேறு கோணத்தில் வளர்கிறது. அதற்கு அடுத்து அவள் போகக்கூடிய இடம் மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818). படைத்தவனுக்குப் படைப்பின் மேல் என்ன பொறுப்பு என்று இருநூறு வருஷத்துக்கு முன்பே கேட்ட நாவல் அது.

அதே 'என் இனிய இயந்திரா'வைப் படித்த இன்னொரு பையனுக்கு ஜீனோவைவிட, நாட்டை ஆளும் ஜீவாவின் அரசாங்கம்தான் உறுத்தியது. "எல்லாத்துக்கும் கவர்ன்மென்ட் பர்மிஷன் வேணும்னா ஜனங்க எப்படி மிஸ் சும்மா இருந்தாங்க?" என்றான். அவனுக்கு வேறு பாதை. சுஜாதாவின் 'சொர்க்கத் தீவு' முதலில்; உணர்ச்சிகளை ஒழித்துக் கம்ப்யூட்டரால் நடத்தப்படுகிற ஒரு சமூகத்தின் கதை அது. பிறகு ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', க.நா.சு. மொழிபெயர்ப்பில். அப்புறம் ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451', வெ. ஸ்ரீராம் தமிழில் தந்து க்ரியா வெளியிட்டது. தீயணைப்பு வீரர்கள் புத்தகங்களைக் கொளுத்துகிற உலகம். மூன்றும் கைக்கு வந்துவிட்டால் அந்தப் பையனுக்கு அந்த வருஷம் வேறு பட்டியலே தேவைப்படாது.

ஒரே நாவலிலிருந்து இரண்டு பேர் இரண்டு திசையில் போனார்கள். பொதுப் பட்டியல் யாருக்கும் முழுசாகப் பொருந்தாதது இதனால்தான்.

ஒரு பொய், அதன் பின்விளைவுகள்

கடையில் நின்றபடி ஒரு விஞ்ஞான நாவல் தேறுமா என்று பார்க்க நான் செய்வது இது. அந்தக் கதை உலகத்தில் எழுத்தாளர் மாற்றியிருக்கும் ஒரே ஒரு விஷயம், அதாவது அவர் சொல்கிற பொய், என்ன என்று தேடுவேன். பிறகு, அந்த மாற்றம் சாதாரண மனிதரின் சமையலறை வரைக்கும் வருகிறதா என்று பார்ப்பேன்.

'என் இனிய இயந்திரா'வில் அரசு மக்கள்தொகையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. அதோடு சுஜாதா நிறுத்தவில்லை. குழந்தை பெற அனுமதி வேண்டும். பெயரில் இரண்டு எழுத்துக்கு மேல் கூடாது. அதனால்தான் நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா. ஒரு வீட்டில் அறை இருந்தால் அதில் யாரைக் குடிவைப்பது என்பதையும் அரசே தீர்மானிக்கும். ரவியும் அவனுடைய ஜீனோவும் நிலாவின் வீட்டுக்குள் நுழைவது அப்படித்தான். பெரிய சட்டம் ஒன்று, வீட்டு வாசல் வழியாகப் பெயருக்குள்ளும் படுக்கையறைக்குள்ளும் வந்துவிடுகிறது. இப்படி ஒரு மாற்றத்தைக் கடைசி வரை கொண்டுபோகிற நாவலை நம்பி வாங்கலாம். மூன்று பக்கத்துக்கு ஒரு புதுக் கருவி வந்து, எதுவும் யார் வாழ்க்கையையும் தொடவில்லை என்றால் திருப்பி வைத்துவிடலாம்.

இதே சோதனையில் முழு மதிப்பெண் வாங்குகிற இன்னொரு நாவல் ஆர்தர் சி. கிளார்க்கின் 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' (1979). கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் மனத்தில் வைத்து எழுதிய கதை. ஒரு என்ஜினீயர் பூமியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்ட நினைக்கிறார். அதற்கு ஏற்ற மலையின் உச்சியில் துறவிகள் இருக்கிறார்கள். நகர மாட்டோம் என்கிறார்கள். இதில் கிளார்க் செய்த முக்கியமான மாற்றம், தீவைத் தெற்கே நகர்த்தி நிலநடுக்கோட்டில் வைத்தது. காரணம் சுத்தமான இயற்பியல். பூமியோடு சேர்ந்தே சுற்றி, வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரிகிற செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலேதான், ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்க முடியும். கயிறு அங்கிருந்துதான் இறங்க வேண்டும். மலைக்கோட்டை உச்சியில் பிள்ளையார் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு, மலையைத் தர மறுக்கிற அந்தத் துறவிகளின் பக்கம் எளிதாகப் புரியும்.

ஏற்கெனவே பிடித்ததன் வழியாக வாருங்கள்

எங்கள் தெருவில் பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர். "எனக்கு இந்த ரோபோ, ராக்கெட் எல்லாம் ஒத்துவராதும்மா. கணேஷ்-வசந்த் இருந்தா குடு" என்பார். சுஜாதாவின் அந்தத் துப்பறியும் ஜோடி வருகிற 'கொலையுதிர் காலம்' கொடுத்தேன். நடப்பது பேயின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்று கணேஷும் வசந்தும் மோதிக்கொள்கிற நாவல். அது பிடித்துப்போனதும் அசிமோவின் 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' (1954). கொலை வழக்கைத் துப்பறியும் போலீஸ்காரருக்கு ரோபோ ஒன்று கூட்டாளியாக வருகிறது. இப்போது மாமாவே ரோபோ நாவல் கேட்கிறார்.

துப்பறியும் கதை பிடித்தவர் துப்பறியும் வழியாகவும், சித்த மருத்துவம், ரசவாதம் போன்ற நம் மரபில் ஆர்வமுள்ளவர் ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பின் வழியாகவும் வரலாம். எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டே இருக்கிற பிள்ளைக்கு ஆண்டி வெயரின் 'தி மார்ஷியன்'. செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவன் உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர் பிழைக்கக் கணக்குப் போடுகிறான். அந்தக் கணக்கை நாமும் கூடவே போடலாம்.

கணக்குப் பிடிக்குமென்றால் க. சுதாகரின் '6174' என்ற தமிழ் நாவல் இருக்கிறது. படிக்கும் முன் அந்த எண்ணோடு கொஞ்சம் விளையாடிப் பாருங்கள். எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஏதாவது ஒரு நான்கு இலக்க எண்ணை எடுங்கள். இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசை எண்ணைக் கழியுங்கள். வந்த விடையிலும் (மூன்று இலக்கமானால் முன்னால் பூஜ்யம் சேர்த்து) அதையே செய்யுங்கள். அதிகபட்சம் ஏழு படிகளில் 6174-இல் வந்து நின்றுவிடும். மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி.ஆர். காப்ரேகர் கண்டது இது. 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் சொன்னார்.

வகுப்பில் இதைச் சுஜாதா பிறந்த 1935-ஐ வைத்துச் செய்து காட்டுவேன். 9531-இலிருந்து 1359 போனால் 8172. அவர் மறைந்த 2008-ஐ எடுங்கள். 8200-இலிருந்து 0028 போனால் அதுவும் 8172! அங்கிருந்து 7443, 3996, 6264, 4176, கடைசியில் 6174. இரண்டு ஆண்டும் முதல் படியிலேயே ஒரே எண்ணில் சேர்வது ஏன் என்று கேட்பேன். பெரிய இலக்கத்துக்கும் சின்ன இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இரண்டிலும் 8, நடு இரண்டின் வித்தியாசம் இரண்டிலும் 2 என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படிக் கண்டுபிடிக்கிற பிள்ளை அந்த நாவலைக் கேட்காமல் போகாது.

தேதி தாண்டிவிட்டதே என்று ஒதுக்காதீர்கள்

'1984' போய்விட்டது. ஜீனோவும் நிலாவும் வாழ்ந்ததாகச் சுஜாதா எழுதிய காலமும் நம்மைக் கடந்துவிட்டது. சொன்னது பலித்ததா என்று டிக் போட்டுக்கொண்டே படித்தால் நாவல் கையில் நிற்காது. எழுதிய ஆண்டை முதலில் பாருங்கள். அந்த ஆண்டு மனிதருக்கு எது பயமாக இருந்தது, எது ஆசையாக இருந்தது என்று கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.

இதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் ரொக்கையா எழுதிய 'சுல்தானாவின் கனவு'. வங்காளப் பெண் ஆங்கிலத்தில் எழுதிய கதை, வெளிவந்தது நம் சென்னையின் 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில், 1905-இல். பெண்கள் ஆளுகிற நாடு; ஆண்கள் வீட்டுக்குள். சூரிய வெப்பத்தை வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள், மேகத்திலிருந்து நேராகத் தண்ணீர் எடுக்கிறார்கள். கோடையில் காவிரி மணலைப் பார்த்து வளர்ந்த பெண்பிள்ளைகள் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். பெண்கள் கல்லூரிப் பக்கம் போகவே போராடிய காலத்தில், பெண் விஞ்ஞானிகள் நாட்டைக் காப்பாற்றுவதாக ஒருத்தி எழுதினாள் என்பதுதான் அந்தக் கதையின் பலம்.

சில நடைமுறைக் குறிப்புகள்

நாவலுக்கு முன் சிறுகதை. ஒரு எழுத்தாளர் உங்களுக்கு ஒத்துவருவாரா என்று அறிய நானூறு பக்கம் தேவையில்லை. சுஜாதாவின் விஞ்ஞானச் சிறுகதைகளில் எதிர்காலத் திருமலையைக் காட்டுகிற 'திமலா' ஒன்றைப் படித்தாலே அவர் வேகம் தெரிந்துவிடும்.

இருபது பக்கம் கொடுங்கள். ஸ்ரீரங்கத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஜங்ஷன் பக்கம் இறங்குவதற்குள் இருபது பக்கம் ஆகிவிடும். அதற்குள் ஒரு கேள்வியும் எழவில்லையென்றால் தயங்காமல் அடுத்ததை எடுங்கள். மெதுவாகத் தொடங்குகிற சில பெரிய நாவல்களுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுக்கலாம். லியூ சீஷினின் 'தி த்ரீ பாடி பிராப்ளம்' ஆங்கிலப் பதிப்பு சீனக் கலாசாரப் புரட்சியில் தொடங்குகிறது. அந்தக் காயம் புரியாமல் பின்னால் வருகிற முடிவு புரியாது.

தொடர் என்றால் எழுதிய வரிசையில் படியுங்கள். 'என் இனிய இயந்திரா'வுக்குப் பிறகுதான் 'மீண்டும் ஜீனோ'. அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' வரிசையிலும் 1951-இல் வந்த முதல் புத்தகத்திலிருந்தே தொடங்குங்கள். முன்கதை நாவல்களை அவர் பல ஆண்டு கழித்துத்தான் எழுதினார். அவற்றை முதலில் படித்தால் கதையின் முடிச்சுகள் முன்கூட்டியே அவிழ்ந்துவிடும்.

நூலகத்தில் ஒரே அலமாரியோடு திரும்பாதீர்கள். விஞ்ஞானக் கதைகள் நாவல் வரிசையிலும் கிடைக்கும், மொழிபெயர்ப்பிலும் கிடைக்கும், சிறுவர் பகுதியிலும் ஒளிந்திருக்கும். எழுத்தாளர் பெயரைச் சொல்லி நூலகரிடம் கேட்பதுதான் சுருக்கு வழி.

முடித்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் இன்னும் ஒரு வேலை. நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இந்தப் புத்தகம் என்னை எதைக் கேட்க வைத்தது? "நல்லா இருந்தது" என்று எழுதினால் அது உங்களை எங்கேயும் கொண்டுபோகாது. "அந்தத் துறவிகள் மலையைக் கொடுத்திருக்க வேண்டுமா?" என்று எழுதினால் அடுத்த அலமாரிக்கு வழி கிடைத்துவிட்டது. என் மாணவர்கள் சிலர் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டுதான் இப்போது என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்கு என் பட்டியல் தேவைப்படுவதில்லை. அவர்கள் எழுதிக்கொண்டு வரும் கேள்விகளுக்காக நான்தான் புதுப் புத்தகங்கள் தேட வேண்டியிருக்கிறது. ஒரு ஆசிரியைக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை.